சேற்றின் பதம்

2018 பிப்ரவரி 4. நெதர்லாந்தின் தென்கோடியில் வல்கன்பர்க் என்ற சிற்றூர். சைக்ளோகிராஸ் உலகப் போட்டியின் கடைசி நாள். உலகத்தின் தேர்ந்த சைக்கிள் வீரர்கள் அத்தனை பேரும் வந்திருக்கிறார்கள். ஆனால் பாதையின் பல இடங்களில் ஒருவர்கூடச் சைக்கிள் மேல் இல்லை. வண்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு, கணுக்கால் புதையும் சேற்றில், மேட்டைப் பார்த்து ஓடிக்கொண்டிருக்கிறார்கள். முகம் எது, தலைக்கவசம் எது என்று தெரியவில்லை. அந்தப் பருவம் முழுக்க வெற்றியாகக் குவித்து வந்த மாத்யூ வான் டெர் பூல் அன்று மூன்றாவதாகத்தான் வர முடிந்தது. பெல்ஜியத்தின் வவுட் வான் ஆர்ட், இரண்டாவது வந்தவரை இரண்டு நிமிடத்துக்கும் மேலாகப் பின்னால் விட்டுவிட்டு வென்றார். ஒரு மணி நேரப் பந்தயத்தில் இது பெரிய இடைவெளி. அன்றைக்கு அங்கே பந்தயத்தைத் தீர்மானித்தது பாதி கால், பாதி மண்.

சைக்கிள் பந்தயத்தில் ஏன் ஓட வேண்டும்? வேடிக்கையான கேள்வி மாதிரி இருக்கிறது. பதிலோ நேராக மண் இயற்பியலுக்குள் கொண்டுபோய் விடுகிறது.

முதலில் விளையாட்டைப் பற்றிக் கொஞ்சம். சைக்ளோகிராஸ் நூறு வயதைத் தாண்டியது. பிரான்சில் 1902இல் முதல் தேசியப் போட்டி நடந்தது. அதன் பின்னால் இருந்தவர் டேனியல் கூசோ என்ற ராணுவ வீரர். 1910இல் தூர் த பிரான்ஸ் வென்ற ஒக்தாவ் லாப்பீஸ், குளிர்காலத்தில் வயல் வரப்பில் வண்டி ஓட்டியதுதான் தன்னை உரமேற்றியது என்று சொன்னதும் இதன் மவுசு ஏறியது. 1950இல் பாரிசில் முதல் உலகப் போட்டி. இரண்டரை முதல் மூன்றரை கிலோமீட்டர் வரையான சுற்றுப் பாதை. புல், சேறு, மணல், படிக்கட்டு, தாண்டிக் குதிக்கப் பலகைத் தடுப்பு. ஆண்களின் முதல்நிலைப் போட்டி சுமார் ஒரு மணி நேரம். டயர் 33 மில்லிமீட்டருக்கு மேல் அகலமாக இருக்கக் கூடாது என்று ஒரு விதி. சேற்றில் அகல டயர் போட்டால் சுலபம் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தச் சுலபத்தை வேண்டுமென்றே பிடுங்கிக்கொண்ட விளையாட்டு இது.

இதற்கு முரட்டு உறவினர்களும் உண்டு. இங்கிலாந்தின் யார்க்‌ஷர் பகுதியில் 1961 முதல் நடக்கும் திரீ பீக்ஸ் பந்தயத்தில் 61 கிலோமீட்டர், மூன்று மலைகள். மூன்றும் ஏறக்குறைய 700 மீட்டர் உயரம். மவுண்டன் பைக்குக்கு அனுமதி இல்லை. மூன்றில் ஒன்றான இங்கிள்பரோவில் ஏறும் சரிவில் வண்டியைச் சுமந்துகொண்டு ஏறுவதைத் தவிர வேறு வழியே கிடையாது. இதைப் பலமுறை வென்ற ராப் ஜெப், மலை ஓட்டக்காரராகவும் பேர்போனவர் என்பதில் ஆச்சரியமில்லை. ஓட்டம், சைக்கிள், மறுபடி ஓட்டம் என்று காட்டுப் பாதையில் நடக்கும் கிராஸ் டுயத்லானும் இந்தக் குடும்பம்தான்.

இப்போது சேற்றுக்கு வருகிறேன். நான் வளர்ந்தது கோவில்பட்டிப் பக்கம், கரிசல் பூமி. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது மழை பிடித்தால் ஏதாவது திண்ணையில் ஒதுங்கி நின்று, மழை வெறித்த பிறகு சைக்கிளை எடுப்போம். ஐம்பது அடி போவதற்குள் மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவில் மண் அடைத்துக்கொண்டு சக்கரம் நின்றுவிடும். கருவேலங்குச்சியால் நோண்டி எடுத்துவிட்டு மறுபடி உருட்டினால் இன்னும் இருபது அடி. கடைசியில் வண்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்க வேண்டியதுதான். எதிரே மாட்டு வண்டியில் வந்த பெரியவர் ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: “ஏலே, மழ பெய்யும்போதே போயிருக்கணும்ல. வெறிச்ச பெறகு கெளம்புனா மண்ணு விடுமா?” அன்றைக்கு அது கிண்டலாகத்தான் பட்டது. பெல்ஜியத்தில் சைக்ளோகிராஸ் வண்டிகளுக்கு மெக்கானிக்காக இருப்பவர்களும் இதையேதான் சொல்கிறார்கள் என்பது பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. கொட்டும் மழையைக் கண்டு அவர்கள் அஞ்சுவதில்லை. மழை நின்று, காற்று வீசத் தொடங்கினால்தான் முகம் மாறுகிறது.

காரணம் களிமண்ணின் உடம்பில் இருக்கிறது. களிமண் துகள் இரண்டு மைக்ரானுக்கும் சிறியது. மணல்போல் உருண்டையாக இல்லாமல் சீட்டுக்கட்டுச் சீட்டுபோல் தட்டையானது. அந்தச் சீட்டுகளின் முகத்தில் எதிர்மின்னூட்டம் இருப்பதால் தண்ணீரை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். கரிசலில் நிறைந்திருக்கும் மாண்ட்மோரில்லோனைட் என்ற களிக் கனிமம் சீட்டுகளுக்கு நடுவிலேயே தண்ணீரை விட்டுக்கொண்டு உப்பும். கோடையில் அதே தண்ணீரை இழந்து, கால் நுழையும் அளவுக்கு வெடிக்கும். வல்கன்பர்க் மண் வேறு சாதி. பனியூழிக் காலத்தில் காற்று கொண்டுவந்து கொட்டிய நுண்வண்டல். இருந்தாலும் தண்ணீரோடு அது செய்யும் வேலை இதற்குத் தம்பி முறைதான்.

தண்ணீர் கூடக் கூட மண்ணின் குணம் எப்படி மாறுகிறது என்பதை அளந்து சொன்னவர் ஆல்பர்ட் ஆட்டர்பெர்க் என்ற ஸ்வீடன் வேதியியலாளர். 1911இல் அவர் வகுத்த எல்லைகளைத்தான் இன்றும் கட்டடப் பொறியாளர்கள் பயன்படுத்துகிறார்கள். சோதனை மிக எளிது. ஈரமண்ணை ஒரு கண்ணாடித் தகட்டின் மேல் வைத்து உள்ளங்கையால் உருட்டி, மூன்று மில்லிமீட்டர் கனத்துக்குத் திரிபோல இழுக்க வேண்டும். அந்தக் கனத்துக்கு வரும்போது திரி பொடிந்து விண்டால், மண் தன் பிசையெல்லையில் இருக்கிறது என்று பொருள். மறுமுனைக்கு இன்னொரு சோதனை: மண் குழைவைப் பித்தளைக் கிண்ணத்தில் பரப்பி, நடுவில் ஒரு கோடு கீறி, கிண்ணத்தை ஒரு சென்டிமீட்டர் உயரத்திலிருந்து தட்டத் தட்ட எத்தனையாவது தட்டில் கோடு மூடுகிறது என்று எண்ணுவது. 25 தட்டில் மூடினால் அது நீர்மையெல்லை. நம்மூர் பாலிடெக்னிக்கில் சிவில் படித்த யாரைக் கேட்டாலும் அந்தக் கிண்ணத்தின் டக் டக் சத்தம் காதில் கேட்பதாகச் சொல்வார்கள்.

இந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவில்தான் மொத்த நாடகமும். மண்ணின் வலிமை நீர்மையெல்லையில் இருப்பதைப் போலப் பிசையெல்லையில் சுமார் நூறு மடங்கு. சில வகை மண்ணில் இந்த இரண்டுக்கும் இடையே ஈரத்தின் வித்தியாசம் பத்துப் பதினைந்து சதவீதம்தான். ஒரு வாளித் தண்ணீர் கூடக் குறைய இருப்பதில் தரை நூறில் ஒன்றாக மெலிந்துபோகும் என்றால், ‘சேறு’ என்ற ஒரே சொல் அத்தனையையும் எப்படித் தாங்கும்? நம் குயவரும் உழவரும் வைத்திருக்கும் ‘பதம்’ என்ற சொல்தான் இங்கே சரியான அறிவியல் சொல் என்று எனக்குத் தோன்றுகிறது.

இப்போது முதல் கேள்வி: ஏன் இறங்கி ஓடுகிறார்கள்? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 70 கிலோ எடையுள்ளவர் ஒற்றைக் காலில் நிற்கிறார். பாதத்தின் பரப்பு சுமார் 150 சதுர சென்டிமீட்டர். அப்படியானால் சதுர சென்டிமீட்டருக்கு 470 கிராம் அழுத்தம். ஓடும்போது பாதம் இறங்கும் கணத்தில் விசை எடையைப் போல இரண்டரை மடங்கு வரை ஏறும். அப்போது 1,170 கிராம். இனி டயர். சாலைப் பந்தய டயரில் சதுர சென்டிமீட்டருக்கு ஆறு கிலோ அளவுக்குக் காற்று அடிப்பார்கள். டயர் தரையை அழுத்துவது ஏறக்குறைய உள்ளே இருக்கும் காற்றின் அழுத்தத்தால்தான். சேற்றுப் பந்தயத்தில் அதை 1.4 கிலோ வரை இறக்குகிறார்கள். விரலால் அமுக்கினால் அமுங்கும். அப்போதும் 1,400 கிராம்! எவ்வளவுதான் காற்றை இறக்கினாலும் சக்கரம் காலைவிடக் கூர்மையாகத்தான் தரையைக் குத்துகிறது.

மென்மையான களித்தரை தன் வலிமையைப் போல ஏறக்குறைய ஐந்து மடங்கு அழுத்தத்தைத் தாங்கும் என்பது மண் பொறியியலின் அடிப்படைக் கணக்கு. சதுர சென்டிமீட்டருக்கு 100 கிராம் வலிமை உள்ள சேறு 500 கிராமைத் தாங்கும். அதில் ஒருவர் புதையாமல் நிற்கலாம், மெல்ல நடக்கலாம்; ஓடினால் கொஞ்சம் புதையும்; சைக்கிளோ தரையைக் கீறிக்கொண்டே போகும். இதில் இன்னொரு அநியாயமும் இருக்கிறது. ஓடுபவர் இரண்டு அடிகளுக்கு நடுவிலுள்ள தரையைத் தொடாமல் தாண்டிவிடுகிறார். சக்கரம் ஒரு அங்குலத்தைக்கூட விடாமல் எல்லாவற்றையும் உழ வேண்டும். தான் தோண்டிய பள்ளத்திலிருந்து தானே ஏறுகிற வேலை அதற்கு முடிவதே இல்லை. ஆளும் வண்டியுமாக 80 கிலோ, மணிக்கு 20 கிலோமீட்டர் வேகம் என்று வைத்தால், நல்ல தார்ச்சாலையில் டயர் உருள்வதற்கு மட்டும் 22 வாட் போதும். சேற்றில் இந்த உருள்தடை பத்து மடங்கானால் 220 வாட். காற்றுக்கும் மேட்டுக்கும் கொடுக்க அப்புறம் என்ன மிஞ்சும்? மிதிக்கிற வேகம் ஓடுகிற வேகத்துக்குக் கீழே இறங்கும் அந்த நொடியில் வலது காலைப் பின்பக்கமாக வீசி இறங்கிவிடுவதுதான் புத்திசாலித்தனம். தேர்ந்தவர்கள் அந்த நொடிக்குச் சற்று முன்பே இறங்குகிறார்கள். வண்டி நின்றபின் இறங்குபவர் வேகத்தைச் சேற்றுக்குத் தானம் செய்கிறார்.

ஓட்டமும் இலவசமல்ல. கெட்டித் தரையில் ஓடும்போது நம் காலில் இரண்டு வில்கள் வேலை செய்கின்றன: குதிகால் தசைநாண், பாதத்தின் வளைவு. 1987இல் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் கணக்கிட்டபடி, 70 கிலோ ஓட்டக்காரரின் ஒவ்வொரு அடியிலும் சுமார் 100 ஜூல் ஆற்றல் வந்து போகிறது. அதில் 35 ஜூலைத் தசைநாணும் 17 ஜூலைப் பாத வளைவும் சேமித்துத் திருப்பித் தருகின்றன. பாதிக்கு மேல் ஓசி. சேற்றில் இந்த வில்கள் உந்தும்போது தரை அமுங்கிப் பின்வாங்கி, உந்துதலைத் தானே விழுங்கிவிடுகிறது. 1998இல் பெல்ஜியத்தின் லூவேன் ஆய்வாளர்கள் ஆட்களை மணலில் ஓடவிட்டு அளந்தபோது, அதே வேகத்துக்குக் கெட்டித் தரையைப் போல 1.6 மடங்கு ஆற்றல் செலவானது. நடந்தால் இன்னும் மோசம், இரண்டு மடங்குக்கும் மேல். சேற்றுக்கு இந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் சேற்றில் மணலில் இல்லாத ஒன்றும் சேர்ந்துகொள்கிறது. அது, காலைப் பிடித்து இழுப்பது.

நாம் அதை ‘உறிஞ்சுகிறது’ என்று சொல்கிறோம். நடப்பது இது: பாதத்தைத் தூக்கும்போது அதன் அடியில் ஓர் இடைவெளி உண்டாக வேண்டும். அதை நிரப்பக் காற்றோ தண்ணீரோ வர வேண்டும். களிமண்ணில் துளைகள் அவ்வளவு நுண்ணியவை. தண்ணீர் சீக்கிரம் வந்து சேராது. அடியில் அழுத்தம் விழுந்துவிடுகிறது, மேலேயுள்ள காற்றுமண்டலம் பாதத்தைக் கீழே அழுத்துகிறது. ஆஸ்திரியாவின் யோசெஃப் ஸ்டெஃபான் 1874இலேயே, குழம்பு போன்ற ஒன்றின் நடுவில் ஒட்டிக்கொண்ட இரண்டு தட்டுகளைப் பிரிக்கும் விசையைக் கணக்கிட்டிருக்கிறார். பிரிக்கும் வேகம் இரட்டித்தால் விசையும் இரட்டிக்கும். ஆக, வெடுக்கென்று பிடுங்குபவரின் ஷூ சேற்றிலேயே நின்றுவிடும், கால் மட்டும் வரும். (வெறுங்காலோடு பந்தயத்தை முடித்தவர்கள் எல்லா ஊரிலும் உண்டு.) குதிகாலை முதலில் கிளப்பி, லேசாகத் திருகி, பக்கவாட்டில் காற்று நுழைய ஒரு வழி விட்டால் பிடி தளரும். தாமிரபரணிக் கரையில் நடவு வயலில் பின்னோக்கி நகரும் பெண்களின் பாதத்தைக் கவனித்தால் இந்தத் திருகல் தெரியும். மாட்டுக்கு இந்த வித்தை பிறவியிலேயே வந்தது: மிதிக்கும்போது இரண்டு குளம்புகளும் விரிகின்றன, எடுக்கும்போது குவிகின்றன. சுற்றிலும் இடைவெளி விழுந்து காற்று இறங்குகிறது. ஒற்றைக் குளம்புக் குதிரைக்கு இந்த வசதி இல்லை.

ஒட்டுவது வேறு விஷயம். அங்கேதான் கரிசல் பெரியவரின் வாக்கு பலிக்கிறது. காய்ந்த மண் டயரில் ஒட்டாது. தொட்டுக்கொள்ளத் தண்ணீர்ப் படலம் இல்லை. கூழாகிப்போன மண்ணும் நிற்காது. தன்னைத் தானே பிடித்து வைக்க அதற்குத் தெம்பில்லை, வழிந்துவிடும். நடுவில் ஒரு பதம் இருக்கிறது. டயரோடு ஒட்டும் அளவுக்கு ஈரம், அடுத்த படலத்தைத் தன்மேல் ஏற்றிக்கொள்ளும் அளவுக்குக் கெட்டி. முதல் படலம் ஒட்டியதும் அதன்மேல் ஒட்டுவது மண்ணோடு மண். அதற்கப்புறம் டயர் என்ன ரப்பர் என்பதற்கு அர்த்தமே இல்லை. கூடப் புல்லும் சேர்ந்தால் தீர்ந்தது. மண்சுவருக்கு வைக்கோல் போட்டுக் குழைப்பார்களே, அதே கலவை. அது பின்சக்கரப் பல்சக்கரங்களில் சிக்கி, கியர் மாற்றும் கையை முறித்துவிடும்.

சக்கரம் தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளவும் வழி இருக்கிறது. வேகம்தான் அது. சுழலும் டயரின் விளிம்பிலிருந்து மண்ணை வெளியே வீசும் தூண்டுதல் வேகத்தின் வர்க்கத்துக்கேற்பக் கூடும். 34 சென்டிமீட்டர் ஆரமுள்ள சக்கரம் மணிக்கு 20 கிலோமீட்டரில் ஓடும்போது, விளிம்பில் ஒட்டியிருக்கும் மண் நின்றுகொள்ள அதன் எடையைப் போல ஒன்பது மடங்கு பிடி வேண்டும். எட்டு கிலோமீட்டருக்கு வேகம் குறைந்தால் ஒன்றரை மடங்கே போதும். வேகம் குறைந்தால் மண் சேரும். மண் சேர்ந்தால் வேகம் குறையும். சேற்றில் தடுமாறுபவர் ஒரேயடியாக மூழ்குவது போலத் தெரிவதற்கு இந்தச் சுழல்தான் காரணம். டிராக்டர்காரர்கள் இதை வேறு விதமாகத் தீர்த்திருக்கிறார்கள். தொழி உழவுக்கு ரப்பர் டயர் போதாது. பள்ளங்கள் மண்ணால் நிரம்பி டயர் வழவழப்பாகிவிடும். அதனால் கம்பிக்கூடு மாதிரி இரும்பில் செய்த கேஜ் வீலை மாட்டுகிறார்கள். சேறு ஒட்டிக்கொள்ள இடமில்லாமல் ஊடாக விழுந்துவிடும்.

சைக்ளோகிராஸில் வேறு தீர்வு: இன்னொரு வண்டி. ஒரு சுற்றில் இரண்டு முறை பிட் எனும் பட்டறைப் பகுதியைக் கடக்கலாம். சேறு அப்பிய வண்டியைத் தள்ளிவிட்டு, கழுவிய வண்டியில் ஏறிப் பறக்கிறார் வீரர். அவர் திரும்பி வர அரைச்சுற்று, மூன்று நான்கு நிமிடம். அதற்குள் மெக்கானிக் பிரஷர் பம்பால் அடித்து, சங்கிலிக்கு எண்ணெய் விட்டுத் தயாராக நிற்க வேண்டும். முன்னணி வீரர்களுக்கு இரண்டு மூன்று வண்டி. ஒற்றை வண்டியோடு வரும் உள்ளூர்ப் பையன் கையால் வழித்துப் போட்டுக்கொண்டே ஓடுகிறான். சேறு எல்லோரையும் சமமாக்கும் என்று வர்ணனையாளர்கள் உருகுவதைக் கேட்கும்போது எனக்குச் சிரிப்புத்தான் வரும். சமையல் எண்ணெய் ஸ்பிரேயை ஷூவின் அடியிலும் பெடலிலும் அடித்துக்கொள்வது ஏழைகளின் உபாயம். தண்ணீரை அண்டவிடாத படலம் முதல் சுற்று வரைக்குமாவது தாங்கும்.

மணலில் இவையெல்லாம் தலைகீழ். பெல்ஜியத்தின் கோக்ஸைடு கடற்கரை மணல்மேடுகளில் மழை பெய்தால் வீரர்கள் மகிழ்வார்கள். மணலுக்குப் பிசையெல்லை என்று ஒன்றே கிடையாது. துகளுக்கும் துகளுக்கும் நடுவில் தண்ணீர் பாலம் போட்டு இறுக்கிப் பிடிப்பதால், ஈர மணல் கெட்டியாகிவிடும். அலை நனைத்த கரையில் நடப்பது சுலபம், மேலே காய்ந்த மணலில் கால் இழுக்கும் என்பது மெரினாவுக்குப் போன எல்லோருக்கும் தெரிந்ததே. 2012இல் கோக்ஸைடில் நடந்த உலகப் போட்டியில் முதல் ஏழு பேரும் பெல்ஜியக்காரர்கள். மணலை அவர்கள் சின்ன வயதிலிருந்தே படித்திருக்கிறார்கள்.

வாய்க்குள் போகும் சேற்றையும் சொல்லியாக வேண்டும். 2008 ஜூலையில் வேல்ஸின் பில்த் வெல்ஸ் ஊரில் நடந்த மழைநாள் மவுண்டன் பைக் பந்தயத்துக்குப் பிறகு நூற்றுக்கும் மேற்பட்டோர் வயிற்றுப்போக்கில் படுத்தார்கள். ஆடுகள் மேய்ந்த நிலம். புழுக்கை கலந்த சேறு தண்ணீர் பாட்டிலின் வாயில் தெறித்து, அதையே உறிஞ்சியிருக்கிறார்கள். கிருமி கேம்பைலோபேக்டர், சில நூறு உள்ளே போனாலே போதும். 2000இல் போர்னியோவின் சபா மாநிலத்தில் நடந்த சாகசப் பந்தயத்தில், விசாரிக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு நாற்பத்திரண்டு பேருக்கு லெப்டோஸ்பைரோசிஸ் அறிகுறிகள். ஆற்றில் நீந்தியது முக்கியக் காரணம். நமக்கு அது எலிக்காய்ச்சல். வயலில் இறங்குகிற நம் ஊர் விவசாயிக்கும் இலங்கை விவசாயிக்கும் எந்தப் பந்தயமும் இல்லாமலே வருவது. பாட்டிலுக்கு மூடி போடுவது, காலில் வெட்டுக்காயம் இருந்தால் இறங்காமல் இருப்பது, வாரம் பத்து நாளில் காய்ச்சல் வந்தால் ‘சேற்றில் இருந்தேன்’ என்று மருத்துவரிடம் மறக்காமல் சொல்வது. இந்த மூன்றையாவது செய்ய வேண்டும்.

பந்தயம் தொடங்கிய பிறகும் பதம் ஒரே இடத்தில் நிற்பதில்லை. ஐம்பது பேர் எட்டுச் சுற்று போனால் நானூறு முறை பிசைந்த மண். காலையில் உறைந்து கல்லாக இருந்த தரை மதிய வெயிலில் மேலே ஒரு விரற்கடை மட்டும் இளகும். அடியில் இன்னும் உறைந்திருப்பதால் தண்ணீர் இறங்க வழியில்லை. வழுக்குவதில் அதற்கு இணை இல்லை. இரண்டாம் சுற்றில் ஓட்ட முடிந்த மேடு ஆறாம் சுற்றில் ஓட வேண்டிய மேடாகிவிடும். ஓரத்தில் மிதிபடாத புல் ஓரிரு சுற்றுக்குக் காப்பாற்றும், பிறகு அதுவும் போய்விடும். அதனால்தான் புறப்படும் கோட்டுக்கு வருவதற்கு அரை மணி நேரம் முன்புகூட வீரர்கள் பாதையைச் சுற்றி வருகிறார்கள். ஒருவர் மேட்டடியில் நின்று ஷூவின் குதியை மண்ணில் அழுத்தித் திருகிப் பார்க்கிறார். பிறகு குனிந்து டயரைக் கட்டைவிரலால் அமுக்குகிறார், வால்வைத் தொட்டு ஒரு ‘உஸ்’ காற்றை வெளியே விடுகிறார், மறுபடி அமுக்குகிறார். விதைப்புக்கு முன்னால் கரிசல்காட்டில் ஒரு கைப்பிடி மண்ணை எடுத்து, உருட்டி, விரலால் நசுக்கிப் பார்ப்பார்களே, அதே நிதானம். நிமிர்ந்து வானத்தைப் பார்க்கிறார். மழை விட்டிருக்கிறது. மேற்கிலிருந்து காற்று கிளம்பியிருக்கிறது. மெக்கானிக்கிடம் ஏதோ சொல்கிறார். அவர் இரண்டாவது பம்பையும் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இழுத்து வைக்கிறார்.